எந்தக் கார் வழியில் நிற்கும்?

இந்த வாக்குவாதத்தை உங்கள் வீட்டிலோ தெருவிலோ நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அந்தக் காலத்துக் கார் இரும்பு. இப்போது வருவதெல்லாம் தகரம்" என்பார் ஒரு பெரியவர். "அந்த இரும்பை எத்தனை முறை தள்ளினோம் என்று மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பார் இன்னொருவர். ஆம்பூரில் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் சிறு வயதிலிருந்து இதை நான் கேட்டு வருகிறேன். அன்று ஒப்பிடப்பட்ட பழைய காரும் புதிய காரும் வேறு; இன்று ஒப்பிடப்படுபவை வேறு. வாக்குவாதம் மட்டும் அப்படியே இருக்கிறது!

இந்தச் சண்டையை இயற்பியலைக் கொண்டு தீர்க்க முடியுமா? ஓரளவு முடியும் என்றே நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சிறு நிகழ்ச்சி.

1994-ஆம் ஆண்டு மே மாதம். கத்திரி வெயில். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்த என் தாத்தாவுக்கு நண்பகலில் மூச்சுத்திணறல் கண்டது. வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வாடகைக்கு ஒரு பழைய கார் பிடித்தோம். மாதனூரைத் தாண்டி, பள்ளிகொண்டாவை அடைவதற்குள் அந்தக் கார் இரண்டு முறை விக்கியது, பிறகு நின்றேவிட்டது. அப்பாவின் முகம் வெளுத்துப் போயிற்று. ஓட்டுநரோ அலட்டிக்கொள்ளவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் பம்பின்மேல் அதைச் சுற்றினார். "சூடு ஏறிப்போச்சுங்க. பத்து நிமிஷம் பொறுங்க, பெரியவருக்கு விசிறிவிடுங்க" என்றார். பத்து நிமிடம் இருபது நிமிடமாயிற்று. பிறகு எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கியது!

துண்டு என்ன மாயம் செய்தது?

பெட்ரோல் ஒரே ஒரு திரவமன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. தண்ணீரைப்போல் ஒரே வெப்பநிலையில் அது கொதிப்பதில்லை. அதன் இலேசான பகுதிகள் 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். கனமான பகுதிகளுக்கு 200 டிகிரி வரை வேண்டும். வேலூர்ப் பகுதியில் மே மாதத்தில் காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. மூடிய பானெட்டுக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பல பழைய கார்களில் பெட்ரோல் பம்பு எஞ்சினை ஒட்டியே இருந்தது. பெட்ரோல் டாங்கியோ வண்டியின் பின்னால். எனவே பம்பு பெட்ரோலை நீண்ட குழாய் வழியாக உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாயின் உள்ளே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் அல்லவா? மலை உச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிப்பதும் இதனால்தான். ஆக, சூடான பம்புக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. பம்பு திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. ஆவியை அது அமுக்கும், விடும். மீண்டும் அமுக்கும், விடும். கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. இதுதான் ஆவி அடைப்பு. நனைந்த துண்டிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவி மீண்டும் திரவமாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். ஓட்டுநர் அதைப் பாடப் புத்தகத்தில் படித்தவரல்லர்; அவர் செய்தது சுத்தமான இயற்பியல்.

இன்றைய பெட்ரோல் கார்களில் இந்தத் தொல்லை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. காரணம் எளிது. பம்பை எஞ்சினிலிருந்து எடுத்து, பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே மூழ்க வைத்துவிட்டார்கள். மின்சாரத்தால் ஓடும் அந்தப் பம்பு பெட்ரோலை உறிஞ்சுவதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பல கார்களில் குழாயினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்குமேல் இருக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரில் தண்ணீர் 120 டிகிரி அளவுக்குப் போனபிறகே கொதிப்பதைப்போல. பம்பைச் சுற்றிலும் பெட்ரோலே இருப்பதால் அதுவே பம்பைக் குளிரவும் வைக்கிறது. இழுப்பதைத் தள்ளுவதாக மாற்றினார்கள். நனைந்த துண்டுக்கு வேலை போயிற்று!

ஒரு மணியில் மூன்றரை லட்சம் தடவை

இன்னோர் உறுப்பைப் பார்ப்போம். பழைய கார் மெக்கானிக்குகள் அடிக்கடி சொல்லும் சொல் 'பாயிண்ட்'. 'பிளாட்டினம்' என்றும் சொல்வார்கள். சிலிண்டருக்குள் மின்பொறி உண்டாக வேண்டுமானால், ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டிக்க வேண்டும். அந்தத் துண்டிப்பைச் செய்தவை இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள். அவை தொடும், பிரியும். பிரியும்போது இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் நான்கு தாள்களைச் சேர்த்துப் பிடித்தால் என்ன தடிமனோ, அவ்வளவுதான்.

அவை எத்தனை தடவை பிரிய வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றுகிறது என்போம். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி, நிமிடத்துக்கு 6,000, விநாடிக்கு 100. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஒரு மணி நேரம் என்றால் 3,60,000 தடவை! ஒவ்வொரு தடவை பிரியும்போதும் நுண்ணிய தீப்பொறி எழுந்து குமிழின் முகத்தை அரிக்கிறது. ஒரு முகத்தில் குழி, மறு முகத்தில் மேடு. இடைவெளி மாறும், பொறி தவறிய நேரத்தில் விழும், எஞ்சின் விக்கும். மெக்கானிக் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து அனுப்புவார். சில ஆயிரம் கிலோமீட்டரில் வண்டி அவரிடமே திரும்பி வரும்.

இன்று அந்தக் குமிழ்கள் இல்லை. எஞ்சினோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்துக்கு அருகே, அதைத் தொடாமல், ஓர் உணர்கருவி இருக்கிறது. அவற்றுள் ஒரு வகை வெறும் காந்தமும் கம்பிச்சுருளும்தான். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்து சொன்ன அதே விளைவு! பொறி எப்போது வேண்டும் என்பதை ஒரு சிறு கணிப்பொறி முடிவு செய்ய, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வேலையை டிரான்சிஸ்டர் பார்த்துக்கொள்கிறது. ஒன்றையொன்று தொடாத பொருள்கள் தேய்வதில்லை.

தோலிலிருந்து ரப்பருக்கு

நம் ஊர்த் தொழிலோடு ஒட்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுழலும் தண்டு ஒரு பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்க வேண்டும். அதற்குத்தான் 'ஆயில் சீல்'. இதைப் பெரிய அளவில் செய்து பெயர்பெற்ற ஜெர்மானிய நிறுவனமான பிராய்டன்பர்க், வைன்ஹைம் என்னும் ஊரில் 1849-இல் தோல் பதனிடும் தொழிலில் தொடங்கியது. ஆம், நம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் நடக்கும் அதே தொழில்! 1920-களின் இறுதியில் தோல் வியாபாரம் படுத்தபோது, அவர்கள் தோலைக் கொண்டே எந்திரங்களுக்கான அடைப்பான்கள் செய்யத் தொடங்கினார்கள்.

தோல் ஏன்? அது நார்களின் பின்னல். எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெத்தென்று தண்டை அணைத்துக்கொள்ளும். சைக்கிள் கைப்பம்பில் தோல் வாஷர் போடுவதும் இந்தக் குணத்துக்காகவே. ஆனால் சூடு அதற்கு ஆகாது. ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் கொதிநீரின் சூட்டை எட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடும். குரோம் உப்பால் பதனிட்டது அதைவிடத் தாங்கும். எனினும் நாள்பட்ட எஞ்சின் சூட்டில் எல்லாத் தோலும் காய்ந்து விறைக்கும். விறைத்தால் எண்ணெய் கசியும். 1930-களிலேயே அந்த நிறுவனம் எண்ணெயில் ஊறாத செயற்கை ரப்பருக்கு மாறியது. நிறுத்திய இடத்திலெல்லாம் தரையில் எண்ணெய்க் கோலம் போட்ட பழைய வண்டிகள் உங்கள் தாத்தாவுக்கு நினைவிருக்கும். இன்றைய கார் அப்படிச் செய்தால், அதை உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறோம்.

உறுப்பு கூடினால் கெடுதலும் கூடாதா?

"சார், புதிய காரில் உறுப்புகள் அதிகமாயிற்றே! உறுப்பு கூடக் கூட, கெடுவதற்கான வாய்ப்பும் கூடுமல்லவா?" நல்ல கேள்வி. என் வகுப்பிலும் இதை யாராவது கேட்டுவிடுகிறார்கள். இதற்கு ஒரு விதி உண்டு. ஏவுகணைகளில் பணியாற்றிய ராபர்ட் லூசர் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் பெயரால் அது வழங்குகிறது. எல்லா உறுப்பும் வேலை செய்தால்தான் எந்திரம் வேலை செய்யும் என்றால், தனித்தனி உறுப்புகளின் நிகழ்தகவுகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும் என்பதே அந்த விதி.

ஓர் எந்திரத்தில் 100 உறுப்புகள். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை ஒழுங்காக வேலை செய்யும் என்போம். உத்தமமான உறுப்பு என்றுதானே தோன்றுகிறது? 0.99-ஐ நூறு தடவை பெருக்கிப் பாருங்கள். விடை 0.37. நூறு பயணத்தில் 63 பயணம் ஏதாவது ஒரு கோளாறு! இப்போது 1,000 உறுப்புகள் உள்ள இன்னோர் எந்திரம். ஒவ்வோர் உறுப்பும் பத்தாயிரத்தில் ஒரு முறைதான் தவறும். 0.9999-ஐ ஆயிரம் தடவை பெருக்கினால் 0.90. உறுப்புகள் பத்து மடங்கு, ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பயணம் சுகமாகப் போய்ச் சேரும். எண்ணிக்கையைவிடத் தரம் வேகமாக உயர்ந்துவிட்டால் சிக்கலான எந்திரமே நம்பகமானது. கார்களில் நடந்தது இதுதான். பல பழைய கார்களில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 99,999-க்குப் பிறகு சுழியத்துக்குத் திரும்பிவிடும். அதற்குமேல் ஓர் இலக்கம் வேண்டும் என்று செய்தவர்களுக்கே தோன்றவில்லை!

அப்படியானால் பெரியவர்கள் சொல்வது பொய்யா? பொய்யன்று; கண் செய்யும் ஏமாற்று. இன்றும் சாலையில் ஓடும் ஓர் அம்பாசிடரைப் பார்த்து, "ஐம்பது வருஷமாயிற்று, இன்னும் ஓடுகிறது பார்" என்கிறோம். அதோடு பிறந்து, என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போன அதன் உடன்பிறப்புகள் நம் கண்ணில் படுவதில்லை. இரண்டாம் உலகப்போரில் ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞர் இதையே சுட்டிக்காட்டினார். போருக்குப் போய்த் திரும்பிய விமானங்களில் எங்கே குண்டு துளைத்திருக்கிறதோ, அங்கே கவசம் போடலாம் என்பது எளிதில் தோன்றும் யோசனை. துளை இல்லாத இடங்களில்தான் போட வேண்டும் என்பது அவருடைய ஆய்வு காட்டிய வழி. ஏனெனில் அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை! தப்பியவற்றை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறும்.

(புதிய காரின் உடல் தகரம்போல் நசுங்குகிறதே என்பீர்கள். மோதலின் ஆற்றலைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளிருப்பவரைக் காப்பதற்காக, முன்பகுதி நசுங்கும்படி வேண்டுமென்றே வடிவமைக்கிறார்கள். அது பாதுகாப்பு பற்றியது. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.)

துண்டால் முடியாத காரியம்

இனி மறுபக்கம். சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவரின் புத்தம் புதிய கார் எங்கள் கல்லூரி வாசலில் நின்றுவிட்டது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. பானெட்டைத் திறந்தோம். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழே என்ன என்று இயற்பியல் விரிவுரையாளர் இருவருக்கும் புரியவில்லை. சாவியை நாலைந்து தடவை திருப்பினோம். அது ஒரு வழிமுறையன்று, வேண்டுதல்! கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் ஸ்கேனரைச் செருகியதும் கோளாறு இன்னதென்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. உதிரி உறுப்பு சென்னையிலிருந்து வந்து சேரத்தான் ஐந்து நாள்.

அம்பாசிடரை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை அது செய்யப்பட்டது. அத்தனை ஆண்டுகளில் அதன் அடிப்படை அமைப்பு அதிகம் மாறவில்லை. முன்னேற்றம் இல்லை என்று இதைக் குறை சொல்லலாம். ஆனால் இதனாலேயே எந்தச் சிற்றூர் மெக்கானிக்குக்கும் அதன் உள்ளும் புறமும் தெரிந்திருந்தது. எந்தக் கடையிலும் உறுப்பு கிடைத்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கும் காலப்போக்கில் அதே பேறு வாய்த்தது. அதன் உற்பத்தியும் 2014-இல்தான் நின்றது.

புதிய காருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. முன்பு ஒவ்வொரு காரும் தன் சொந்தக் கோளாறால் நின்றது. இன்று ஒரே அச்சில் வார்த்த உறுப்பு இலட்சக்கணக்கான கார்களுக்குப் போகிறது. ஒன்றில் குறை என்றால் எல்லாவற்றிலும் குறை. 2020 ஜூலையில் மாருதி சுசுகி நிறுவனம் வேகன்-ஆர், பலேனோ கார்களில் 1,34,885 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. சந்தேகத்துக்குரிய உறுப்பு எது தெரியுமா? நாம் மேலே புகழ்ந்தோமே, அந்தப் பெட்ரோல் பம்பு! குறையைத் தானே கண்டு அழைத்து இலவசமாக மாற்றித் தருவது நல்ல பழக்கம். பழைய காலத்தில் இப்படி அழைத்தது அரிது. ஆனால் பம்பு டாங்கிக்குள் இருக்கிறது. சாலையோரத்தில் நின்றுவிட்டால் துண்டை எங்கே சுற்றுவது?

ஆகவே 'எந்தக் கார் நம்பகமானது?' என்ற ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை நாளுக்கு ஒரு முறை கெடுகிறது? கெட்டால் சரியாக எத்தனை நேரம்? உதாரணத்துக்கு எண்களை நாமே வைத்துக்கொள்வோம். பழைய கார் 60 நாளுக்கு ஒரு முறை கெடுகிறது. அரை நாளில் சரியாகிறது. புதிய கார் 600 நாளுக்கு ஒரு முறை கெடுகிறது. ஐந்து நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. 600 நாளில் பழைய கார் பத்து முறை கெட்டு ஐந்து நாள் இழக்கும். புதியது ஒரே முறை கெட்டு அதே ஐந்து நாள் இழக்கும். இரண்டும் சமம்!

சமம்தானா? வாடகைக் கார் உரிமையாளருக்கு ஏறக்குறைய சமம். பத்து அரை நாள்களை அவர் எப்படியாவது சமாளித்துவிடுவார். ஐந்து நாள் சேர்ந்தாற்போல் வருமானம் இல்லாவிட்டால் வட்டிக்குக் கடன் வாங்க நேரும் என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் பின் இருக்கையில் மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவருக்குச் சமமே இல்லை. அவருக்கு வேண்டியது அந்த ஒரு பயணம். அந்த ஒரு நாளில் பழைய கார் கெடும் வாய்ப்பு அறுபதில் ஒன்று. புதியது கெடும் வாய்ப்பு அறுநூறில் ஒன்று. பத்து மடங்கு வேறுபாடு! வாடகைக் கார் நிற்கும் இடத்து வாக்குவாதம் தீராததற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். ஒருவர் உரிமையாளராக நின்று பேசுகிறார், மற்றவர் பயணியாக நின்று பேசுகிறார். என்னைக் கேட்டால், அவசரத்துக்கு நான் புதிய காரைத்தான் பிடிப்பேன்.

இந்தக் கணக்கு மீண்டும் மாறப் போகிறது. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மின்சாரக் கார்கள் நம் சாலைகளில் பெருகி வருகின்றன. அவற்றில் பெட்ரோல் பம்பு இல்லை, பொறி இல்லை; எண்ணெய் கசியும் இடங்களும் மிகக் குறைவு. ஆனால் பெரிய மின்கலம் இருக்கிறது. சூட்டில் அது வேகமாக முதுமை அடையும். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன. வேலூர் வெயில் அதற்கு நல்ல பரீட்சைதான்.

நீங்களும் ஓர் ஆய்வு செய்யலாம். உங்கள் தெருவில் ஓடும் ஐந்து ஆட்டோக்களையோ கார்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் அண்ணன்மாரிடம் அனுமதி பெற்று, மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: வண்டி வாங்கிய ஆண்டு, கெட்ட தேதி, கெட்ட உறுப்பு, சரியாக எடுத்த நேரம், ஆன செலவு. வயதை ஓர் அச்சிலும் கோளாறுகளின் எண்ணிக்கையை மறு அச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். சரிசெய்ய எடுத்த நேரத்துக்கு இன்னொரு படம். இரண்டு படங்களும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள்.

தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று வேலூர் போய்ச் சேர்ந்து பிழைத்துக்கொண்டார். பிறகும் ஆறு ஆண்டுகள் இருந்தார். ஊருக்குத் திரும்பிய மறுவாரம் அந்த ஓட்டுநருக்கு ஒரு புதுத் துண்டு வாங்கிக் கொடுத்தனுப்பினார். என் சைக்கிள் பம்பின் தோல் வாஷர் காய்ந்து போனால், அதில் இரண்டு சொட்டு எண்ணெய்விட்டு விரலால் நீவிக் கொடுப்பவரும் அவரே.